பட்டாணி காதில் சொன்னது

அந்த ஒன்றாம் வகுப்புக்கு ராஜா பட்டாணிதான். அன்புக்கரசி டீச்சர் எல்லாம் அதற்குப் பிறகுதான். பட்டாணி ஒரு குரங்கு. நிஜக் குரங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நிஜக் குரங்குக்குச் செஞ்சியில் என்ன பஞ்சம்? கோட்டையிலிருந்து கூட்டமாக இறங்கிவந்து மத்தியானச் சாப்பாட்டு முட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகிற ராஸ்கல்கள் அவை. பட்டாணி யோக்கியமான குரங்கு. டீச்சர் தன் மகனுடைய பழைய சாக்ஸில், சட்டைப் பொத்தானைக் கண்ணாக வைத்து, ரவிக்கைத் துணியில் காது வெட்டித் தைத்தது. கையை உள்ளே விட்டு விரலை அசைத்தால் வாயைத் திறந்து மூடும், தலையைச் சொறிந்துகொள்ளும், வெட்கம் வந்தால் டீச்சர் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும்.

காலையில் பாட்டு முடிந்ததும் ‘காதுல சொல்ற நேரம்’. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து பட்டாணி காதில் ரகசியம் சொல்லும். எல்லாம் உலகத்தைப் புரட்டிப் போடுகிற சமாச்சாரம்தான். “எங்க ஆடு குட்டி போட்டுச்சு.” “நான் பாய்லயே உச்சா போயிட்டேன்.” “சாஹில் என் ரப்பரை எடுத்துக்கினான்.” வாயே திறக்காத பிள்ளைகளைப் பேச வைக்க டீச்சர் தானே யோசித்துக் கண்டுபிடித்த வித்தை இது. கெட்டிக்காரிதான், இல்லையென்று யார் சொன்னது? அந்த விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம். பட்டாணி காதில் சொன்னது பட்டாணியோடு சரி, அது யாரிடமும் சொல்லாது. பள்ளிக்கூடம் திறந்த அன்றே டீச்சர் பட்டாணி தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டாள். சாக்ஸுக்குள் இருக்கிறது யார் கை, கேட்கிறது யார் காது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை யோசிக்குமா? யோசிக்காது. பட்டாணி கேட்டது என்றால் பட்டாணிதான் கேட்டது.

வகுப்பு முழுக்க ரிதன்யா, தர்ஷிகா, யாஷ்வந்த் என்று வாய் சுளுக்குகிற பேர்களாக இருக்க, ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் மீனம்பாள் என்று பேர். லாரி ஓட்டுகிற அவளுடைய நைனா துரைக்கண்ணு, தன் அம்மா பேரைத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று வைத்த பேர் அது. ஆள் குச்சி மாதிரி இருப்பாள், கண் மட்டும் பெரிசு. ஆரம்பத்தில் அவள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வாயை அடைத்ததே டீச்சர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வகுப்பில் வீட்டுக்குப் படப் புத்தகம் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. வீட்டில் பெரியவர்கள் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், மறுநாள் பிள்ளை எழுந்து நின்று கதையைச் சொல்ல வேண்டும். மீனம்பாளுக்கு வந்தது ஒரு ஆட்டுக் கதை. ஆடு குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறது, குடை காற்றில் பறக்கிறது, ஆடு நனைகிறது, அவ்வளவுதான் புத்தகம். மீனம்பாள் எழுந்து நின்று சொன்ன கதையே வேறு. அந்த ஆடு திருவண்ணாமலை பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறது. கண்டக்டர் கேட்டால் “எனக்கு பாஸ் இருக்குது போய்யா” என்கிறது. குடைக்குள்ளே புளியோதரை கட்டி வைத்திருக்கிறது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து உருண்டன. ஆனால் அதே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த ரிதன்யா எழுந்து, “டீச்சர், இவ புளுகுறா. புக்குல பஸ்ஸே இல்ல” என்று கையை ஆட்டினாள்.

டீச்சருக்கும் அன்றைக்கு என்ன அவசரமோ. “மீனம்பாள், புத்தகத்துல இருக்கிறதத்தான் சொல்லணும். சொந்தமா இட்டுக்கட்டக் கூடாது, சரியா?” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீனம்பாள் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு பாட்டுக்கு வாய் திறக்கவில்லை, எழுத்தைக் காட்டிக் கேட்டால் பதில் இல்லை, படத்தைக் காட்டி “இது என்ன?” என்றால் படத்தையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்ப்பாள். காதுல சொல்ற நேரத்தில் மட்டும் தவறாமல் வருவாள். பட்டாணி காதில் வாயை வைப்பாள். மூச்சுக் காற்று மட்டும் டீச்சர் விரலில் சூடாகப் படும். ஒரு வார்த்தை வராது, போய்விடுவாள். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. அன்புக்கரசிக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பொங்கல் லீவு முடிந்து வந்த புதிதில் ஒரு காலை. வகுப்பில் என்ன நடக்கிறது என்று வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பச் சொல்லி வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் டீச்சர் ஜன்னல் கட்டையில் தண்ணீர் பாட்டிலுக்குச் சாய்த்துப் போனை ஓடவிட்டிருந்தாள். மீனம்பாள் வந்தாள், வாயை வைத்தாள். இந்த முறை மூச்சோடு வார்த்தையும் வந்தது, வந்தது என்றால் மடை திறந்த மாதிரி வந்தது.

“பட்டாணி, நான் புளுகல. எங்கம்மா அப்டித்தான் படிச்சுது. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது பட்டாணி. பொம்மையப் பாத்துக்கினு அதுவா சொல்லும். தாள மட்டும் திருப்பும். பஸ்ஸு, புளியோதர எல்லாம் எங்கம்மா வச்சதுதான். நைனாவுக்குக்கூடத் தெரியாது. நீ யாராண்டயும் சொல்லாத, இன்னா? எங்கம்மா பாவம்.”

“சொல்ல மாட்டேன்” என்றது பட்டாணி, அதன் கீச்சுக் குரலில். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சாக்ஸை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்டர்வெல்லில் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். குரல் அவ்வளவு தெளிவு. தலைமை ஆசிரியர் ஜெயராமனிடம் காட்டினாள். “அடேங்கப்பா, உடனே குரூப்ல போடும்மா” என்றார் அவர். போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். வீடியோ கொஞ்சம் நீளமாக இருந்தது. கடைசித் துண்டை வெட்டினாள். ‘யாராண்டயும் சொல்லாத’ என்று பிள்ளை கெஞ்சுகிற துண்டுதான் அது. நீளமாக இருந்ததால்தான் வெட்டினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடியில், ‘பல மாத மௌனம் கலைந்தது! படிக்கத் தெரியாவிட்டாலும் படம் பார்த்துக் கதை சொல்லி மகளை வளர்க்கும் இந்தத் தாய்க்கு ஒரு சல்யூட்’ என்று எழுதி, கை கூப்புகிற பொம்மையும் போட்டு குரூப்பில் அனுப்பினாள். ஸ்டேட்டஸிலும் வைத்தாள்.

அவள் மனசில் விஷம் இல்லை. அந்தத் தாயைப் புகழ்ந்துதான் எழுதினாள். ஆனால் அந்தப் புகழில் பாதி தன் மடியில் வந்து விழும் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

விழுந்தது. சாயங்காலத்துக்குள் கைதட்டும் பொம்மைகளும் இதயங்களுமாகப் போன் நிரம்பி வழிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குப் பின்னால் சோகமாக வயலின் சேர்த்துவிட்டான். வயலின் சேர்ந்ததும் அதற்குக் கால் முளைத்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், அனந்தபுரம் சந்தையில், உரக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லார் கையிலும் மீனம்பாள் “தாள மட்டும் திருப்பும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். அது யார் பெண், எந்தத் தெரு என்று விசாரிக்க செஞ்சி என்ன அவ்வளவு பெரிய ஊரா?

மீனம்பாள் மறுநாள் வரவில்லை. அடுத்த நாள் வந்தாள். உட்காரும்போது பாவாடையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். டீச்சர் கவனிக்கிறதற்கு முன்னாலேயே சாஹில் எழுந்து உரக்கச் சொல்லிவிட்டான்.

“டீச்சர், மீனம்பாள அவங்கம்மா கரண்டிக் காம்பால அடிச்சிட்டாங்க. போன்ல வந்ததுக்கு. எங்க பக்கத்து வூடுதான். நான் பாத்தேன்.”

அன்புக்கரசி அருகில் போய்ப் பாவாடை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கெண்டைக்காலில் கோடு கோடாகத் தடித்திருந்தது. “வலிக்குதாம்மா?” என்றாள். என்ன கேள்வி! மீனம்பாள் அவளைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் கிடந்த பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அப்படி முறைக்கத் தெரியும் என்று டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துரோகி என்ற வார்த்தை அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, ஆனால் பார்வை அதைத்தான் சொல்லிற்று. அன்று காதுல சொல்ற நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வந்தன, மீனம்பாள் வரவில்லை. மூச்சுக் காற்றுக்குக்கூட வரவில்லை.

டீச்சர் ஸ்டேட்டஸை அழித்தாள், குரூப்பிலும் அழித்தாள். ஊரெல்லாம் போய்ச் சேர்ந்ததை நம்முடைய போனில் அழித்து யாருக்கு என்ன லாபம்? மீனம்பாள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு வேண்டாம், கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று தள்ளிப் போட்டாள். மறுநாளும் அதையேதான் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை பக்கத்து ஊரான வல்லத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. பயிற்சி கொடுக்க வந்த சிவசங்கர் சார் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரையில் வீடியோவைப் போட்டார். வயலினோடு சேர்த்துத்தான். ‘அதுவா சொல்லும்’ வந்ததும் ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் ஒரு டீச்சர், “ஐயோ, எவ்ளோ க்யூட்டு” என்றாள். அன்புக்கரசி தன் கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அந்தத் திரையைக் கிழித்துவிடலாம் போல இருந்தது. எழுந்தாளா? எழுந்தாள், அவர் மேடைக்குக் கூப்பிட்ட பிறகு. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

“சொல்லுங்க மேடம்” என்று சிவசங்கர் சார் மைக்கை நீட்டினார். “அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்குது? நல்லா பேசுதா?”

இத்தனை கண்கள், மைக், தோளில் வழுக்குகிற ஜரிகைத் துணி. அன்புக்கரசி வாயைத் திறந்தாள்.

“பேசுது சார்” என்றாள்.

கைதட்டினார்கள்.

பஸ்ஸில் திரும்பி வருகிறபோது அவளுக்குத் தன்மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது. செய்தது ஒன்று, அதை வெட்டியது ஒன்று, இப்போது மேடை ஏறிப் பச்சைப் பொய் வேறு. ‘நீ எல்லாம் ஒரு டீச்சரா?’ என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது, கேட்டது அவள்தான். பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் அடியில் திணித்தாள். செஞ்சியில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சாஹில் வீட்டை விசாரித்து, அதற்குப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

மீனம்பாளின் அம்மா கவிதா வீட்டில்தான் இருந்தாள். டைலர் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற வேலை அவளுக்கு. கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தவள் டீச்சரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். திட்டுவாள், கத்துவாள் என்று மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டு போயிருந்த அன்புக்கரசிக்கு அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. மீனம்பாள் சுவரோரம் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

“உக்காருங்க டீச்சர். டீ போடட்டா?”

“வேணாம்மா. நான் வந்து...”

“எனக்குத் தெரியும் டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க. சல்யூட்டுன்னு எழுதியிருக்காமே, பக்கத்து வூட்ல படிச்சுக் காமிச்சாங்க.” கவிதா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. “எங்கம்மா நைனாவுக்குச் செங்கல் சூளையில வேல. சூளை சூளையாப் போவோம். நான் எந்தப் பள்ளிக்கோடத்துல உக்காந்தேன்? எட்டாவதுன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. இத்தினி வருசம் ஒருத்தருக்கும் தெரியாம ஓட்டிட்டேன் டீச்சர். பஸ்ஸுல போர்டு பாக்கணும்னா கண்ணு கூசுதுன்னு சொல்லுவேன். போன்னா பேசித்தான் அனுப்புவேன். இப்ப அவரு ஆந்திராவுலேந்து போன் பண்ணி, இத்தினி நாளா என்னை ஏமாத்திக்கினு இருந்தியாடின்னு கேக்கறாரு. கடையில அந்தப் பொண்ணுங்க பில்லை நீட்டி, ‘அக்கா இத கொஞ்சம் படி’ன்னு சிரிக்குதுங்க.”

“கவிதா...”

“அது கெடக்குது டீச்சர். ஊருன்னா சிரிக்கத்தான் செய்யும். எனக்கு வவுறு எரியறது இவளாலதான்.” சுவரோரம் கையை நீட்டினாள். “வீடியோன்னதும் பெருமையா முன்னாடி நின்னு பெத்தவளப் பத்தி ஒப்பிச்சுது பாருங்க. கேட்டா, ‘நான் குரங்காண்டதான் சொன்னேன், வேற யாராண்டயும் சொல்லல’ன்னு சாதிக்குது. ஊரே பாக்குது, வாய் கூசாம பொய்யி. அந்தப் பொய்யிக்குத்தான் ரெண்டு கூடவே குடுத்தேன். இனிமே புத்தகமும் வேணாம் கதையும் வேணாம்னுட்டேன்.”

அன்புக்கரசி தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பழி முழுசாக அந்த ஆறு வயசுத் தலையில் ஏறி உட்கார்ந்தாயிற்று. “சின்னப் பிள்ளைதானே, விடும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, நல்ல டீச்சர் என்ற பேரோடு அவள் எழுந்து போகலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்ததும் உண்மை. அப்போது மீனம்பாள் கால் மாற்றி உட்கார்ந்தாள். பாவாடை விலகி அந்தக் கோடுகள் தெரிந்தன.

டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

“அவ பொய் சொல்லல கவிதா. குரங்காண்டதான் சொன்னா. போன் ஓடிக்கினு இருந்தது அவளுக்குத் தெரியாது. பட்டாணி யாருகிட்டயும் சொல்லாதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தது நானு. அத நம்பித்தான் சொன்னா. சத்தியம் பண்ண நானே ஊருக்குக் காட்டிட்டேன். அவ கடைசியா சொன்னத வெட்டிட்டேன். தெரிஞ்சே வெட்டினேன்.”

கவிதாவுக்குப் புரியவில்லை. “இன்னாத்த வெட்டினீங்க?”

அன்புக்கரசி போனை எடுத்தாள். வெட்டாத வீடியோவை, வயலின் இல்லாததை, ஓடவிட்டுக் கவிதா கையில் கொடுத்தாள். பஸ்ஸு, புளியோதரை வரைக்கும் கவிதா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லாத துண்டு வந்தது. ‘நீ யாராண்டயும் சொல்லாத, இன்னா? எங்கம்மா பாவம்.’

‘சொல்ல மாட்டேன்’ என்ற பட்டாணியின் கீச்சுக் குரலோடு வீடியோ நின்றுவிட்டது. அதை எப்படித் திரும்ப ஓட்டுவது என்று கவிதாவுக்குத் தெரியவில்லை. “இன்னொரு வாட்டி” என்று நீட்டினாள். டீச்சர் ஓட்டினாள். மீண்டும் ‘எங்கம்மா பாவம்’ வந்ததும் கவிதா போனைத் தரையில் வைத்துவிட்டு மகளிடம் போய் மண்டியிட்டு, அந்தக் கெண்டைக்காலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். “பொய்யின்னு சொல்லி அடிச்சேனே, பொய்யின்னு சொல்லி அடிச்சேனேடி” என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். மீனம்பாள் அம்மா தலைக்கு மேலாக டீச்சரைப் பார்த்தாள்.

“பட்டாணி சொல்லலியா டீச்சர்?”

இத்தனை நாளுக்குப் பிறகு டீச்சரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்புக்கரசி, “இல்லம்மா. பட்டாணி சொல்லல. நான்தான் சொன்னேன்” என்றாள்.

கவிதா திரும்பினாள். முகம் நனைந்து கிடந்தது. இப்போது அதில் மரியாதை இல்லை.

“என் மானம் போனதுகூடப் பரவாயில்ல. என் புள்ளைய என் கையாலயே அடிக்க வச்சிட்டீங்களே டீச்சர்” என்றாள். “எழுந்து போங்க. இங்க உக்காராதீங்க.”

டீச்சர் எழுந்து போனாள். போகிற வழியிலேயே, தெருமுனையில் நின்று, சிவசங்கர் சாருக்குப் போன் போட்டாள். “அந்தக் குழந்தை பேசல சார். மேடையில நான் சொன்னது பொய். அது அவங்க வீட்டு ரகசியம், நான் கேக்காம போட்டுட்டேன். இனிமே அத எங்கயும் போடாதீங்க.” அந்தப் பக்கம் அவர், “இன்னா மேடம் இப்படி பண்றீங்க, மேல அனுப்பலாம்னு இருந்தோமே” என்று இழுத்தார். அவர் பேசி முடிக்கும் முன்னால் வைத்துவிட்டாள். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை. அந்த வயலின் இன்னும் யார் யார் போனிலோ அழுதுகொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை கவிதா மகளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். டீச்சர் பக்கம் பார்க்காமல் போய்விட்டாள். பாட்டு முடிந்தது. “டீச்சர், காதுல சொல்ற நேரம்!” என்று பிள்ளைகள் கத்தின. போனைத் தலைமை ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்த அன்புக்கரசி, வேறு வழியில்லாமல் சாக்ஸுக்குள் கையை விட்டாள். வரிசையில் முதல் ஆளாக மீனம்பாள் வந்து நின்றாள்.

பட்டாணி காதில் அவள் வாயை வைக்கவில்லை. அதன் கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு அதற்குக் கீழே தெரிந்த டீச்சரின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“கைய எடுங்க டீச்சர்” என்றாள்.

டீச்சர் கையை உருவிக்கொண்டாள். மீனம்பாள் தொளதொளவென்று தொங்கிய பட்டாணியை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அவள் குச்சிக் கைக்கு அது பெரிசாக இருந்தது. அலமாரிக்குப் பின்னால் மூலைக்குப் போய், சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். உதடு அசைய ஆரம்பித்தது. நிற்காமல் அசைந்தது. இத்தனை மாதம் பூட்டி வைத்திருந்ததெல்லாம் வருகிறது போல இருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்க அன்புக்கரசிக்குத் தவிப்பாக இருந்தது. கால் தானாக ஒரு அடி மூலைப் பக்கம் போயிற்று.

நின்றாள். திரும்பி வகுப்பை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வராந்தாவில் வெயிலில் போய் நின்றுகொண்டாள். மீனம்பாள் முடித்துவிட்டு, “டீச்சர், உள்ள வாங்க” என்று கூப்பிடுகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.